ஒரு சத்தமும் கேட்பதில்லை

பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று கனகாம்பிகைக்குப் பயமாயிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒன்றைச் சொல்லப்போய் அது இன்னொன்றாகிவிட்டால்?

பிள்ளைகள் நலன் விசாரிக்க நகரக் கவுன்சிலில் இருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் சோபாவில் அமர்ந்து கோப்பு ஒன்றை விரித்தாள்.

"பக்கத்து பிளாட் நோராவின் மகள் ஓர்லா பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. வீட்டில் அவளோடு ஐரிஷில்தான் பேசுவதாகத் தாய் சொல்கிறார். ஆனால் தெருவில் இருவரும் பேசி ஒருவரும் பார்த்ததில்லை. உங்களுக்கு நடுவே ஒரு சுவர்தானே? எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?"

கேட்காமலா? விடிந்தால், பொழுதுபட்டால் அதே சத்தம்தான். பாட்டு, சிரிப்பு, அதட்டல்.

"வாய் நிறைய இங்கிலிஷ் வைச்சுக்கொண்டு பிள்ளைக்கு ஒரு சொல்லுக் குடுக்கிறாளில்லை. இவளும் ஒரு தாயோ!" என்று கனகாம்பிகையே தம்பியிடம் நொடித்திருக்கிறாள்.

"நீங்கள் மட்டும் மகளோடை மகாராணியின்ரை இங்கிலிஷோ கதைக்கிறியள், அக்கா?" என்று குலசேகரம் சுவர் அதிரச் சிரித்தான்.

லண்டனில் ஐரிஷ் இயக்கம் வைத்த குண்டு வெடித்த கிழமை, நோராவின் கதவில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பிள்ளையின் வாயைப் பொத்தித்தான் தெருவில் இறங்கினாள்.

"வெளியே நாங்கள் ஊமை" என்றாள் ஒருநாள், படியில் வைத்து.

இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால் பெயர் கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். பிறகு பொலிஸ் வரும். ஐந்து மாதமாகப் பின்னறையில் ஒளிந்திருக்கும் தம்பிக்கு இன்னும் விசா முடிவு வரவில்லை.

ஊரில் எந்த ஆமிச் சென்ட்ரியில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அதைச் சொன்னவர்கள்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"தெரியாது" என்றாள். "ஒரு சத்தமும் கேட்கிறதில்லை."

பேனா நின்றது.

"நன்றாக யோசியுங்கள். கேட்டதாக நீங்கள் சொன்னால் இந்தக் கோப்பை இன்றைக்கே மூடிவிடலாம். இல்லையென்றால் பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் வைக்கச் சொல்வார்கள்."



"தெரியாது, மேடம்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டு எழும்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"சொல்லக்கூடாதுதான். போன மாதம் உங்கள் பிளாட்டில் கூடுதலாக ஒருவர் இருப்பதாக முறைப்பாடு வந்தது. நோராவிடம்தான் விசாரித்தோம்."

கனகாம்பிகை பின்னறைக் கதவை மறைத்து நின்றாள்.

"இங்கே இருப்பது தாய், தகப்பன், மகள் மட்டும்தான். வேறு குரலே கேட்டதில்லை என்று அடித்துச் சொன்னார். நீங்கள் மகளோடு தமிழில் பேசுவதைக் கேட்டுத்தான், தன் பிள்ளையைத் தன் மொழியில் வளர்க்கத் தனக்குத் துணிவு வந்ததாம்."

நாலு மணிக்கு ஓர்லா பள்ளிக்கூடத்தால் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தாய் ஏதோ சொன்னாள். பிள்ளை கலகலவென்று சிரித்தது.

"தம்பி, இந்த டிவியிலை ஒரு கை பிடி."

"எங்கை வைக்க, அக்கா?"

"அந்தச் சுவரோடை."

வைத்ததும் கனகாம்பிகை சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்; பிள்ளையின் சிரிப்பு அதில் அமிழ்ந்துபோனது. இனி யார் வந்து கேட்டாலும், அவள் சொன்னது பொய்யில்லை.