ரிஜெக்ட் பீஸ்

பனியன் கம்பெனியின் சம்பளக் கணக்குப் புரோகிராமை விஜயராணி மூன்றாம் முறையாக அடியோடு மாற்றி எழுதினாள். இப்போதுதான் அது அவளுக்கே பிடித்திருந்தது.

"முதல்ல எழுதினதுல ஒரே கணக்கை நாலு இடத்துல போட்டு வச்சிருக்கேன் சார். பார்த்தாலே கூசுது. அதை அழிச்சிருங்க."

முதலாளி ஞானசம்பந்தம் சிரித்தார்.

"திருப்பூர்ல ரிஜெக்ட் பீஸை ஆராச்சும் வீசுவாங்களா கண்ணு? சொந்தக்காரங்க கம்பெனிக்கெல்லாம் அதை அப்பவே குடுத்துட்டேன்."

விஜயராணி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ரிஜெக்ட் பனியனை வெளிய விக்கும்போது லேபிளை வெட்டிருவீங்களே சார். அந்த மாதிரி என் பேரையாவது எடுத்தீங்களா?"

"சேச்சே, உன்ற உழைப்பாச்சே! உன்ற பேரைப் பெருசாக்கி, போன் நம்பரையும் போட்டுல்ல குடுத்திருக்கேன்!"

மேசையில் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.