பூட்டிய வீட்டின் விசைப்பலகை

ஹெல்சிங்கி அலுவலகத்தில் இருந்தபடியே ஹில்கா, ஆளில்லாத தீவில் கலங்கரை விளக்கை எரியவைக்கும் கணினிக்குப் புதிய இயங்குதளத்தை ஏற்றினாள். அணைத்து எழுப்பச் சொன்ன பிறகுதான் உறைத்தது. அது எழும்போது தீவில் பூட்டிக் கிடக்கும் பழைய காவலர் வீட்டிலுள்ள விசைப்பலகையில் யாராவது கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் இன்று மாலை வரும் கப்பலுக்கு விளக்கு இல்லை.

“நீந்திப் போய்த் தட்டிட்டு வா, தாயே,” என்றான் பக்கத்து மேசை தாபியோ. இந்தப் புயலில் படகு போகாது.

ஹில்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறியது. திடீரெனத் தீவுக் கணினி இணைப்புக்குத் திரும்பியது.

“யாரை அனுப்பின?” என்றான் தாபியோ.

“யாரையும் இல்லடா.”

அவள் தீவின் கேமராவைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. காவலர் வீட்டுக் கதவைப் பாதி உயரத்துக்குப் பனி கலையாமல் மூடியிருந்தது. புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது.