ரொம்ப நல்லவன்தான் கொலைகாரன்

"நீ இல்லாம எனக்கு விடிவே கிடையாது, கண்மணி."

குளியலறைக்குள்ளிருந்து கணவரின் குரல். தண்ணீர் விழும் சத்தம் இல்லை. தையல்காரி கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷன் அவளைக் கண்மணி என்று கூப்பிட்டதே இல்லை. 'ஏய்', 'இந்தா', ரொம்பப் பாசம் பொங்கினால் 'எங்க போய்த் தொலைஞ்ச'. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நாளெல்லாம் அந்தக் கூண்டோடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பேச்சு மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது.

அப்படிப்பட்டவர் உள்ளே யாரிடம் இப்படிக் குழைகிறார்?

சந்தேகம் இன்றைக்கு முளைத்ததல்ல.

அவள் படிக்காத துப்பறியும் நாவலா? தெருமுனை வாடகை நூலகத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் புதுப் புத்தகம் வாங்கமாட்டார்கள். யார் எழுதினால் என்ன, மூன்றாவது அத்தியாயத்துக்குள் கொலைகாரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிடுவாள். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் வேலை, பழுப்புத் தாளில் அட்டை போடுவது. அட்டைப்படம் இருக்கிறதே, அது சரியான ஓட்டைவாய். பாதிக் கதையை அதுவே உளறிவிடும்.

துப்பறிகிறவன் தனக்குத் தெரிந்ததைப் படிக்கிறவர்களிடம் மறைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கள்ளாட்டம் என்பாள். காதல் நாவலையோ கையால்கூடத் தொடமாட்டாள். முதல் பக்கத்தில் முறைத்துக்கொண்டவர்கள் கடைசிப் பக்கத்தில் கட்டிக்கொள்வார்கள். இதைச் சொல்ல இத்தனை காகிதமா? மரம் என்ன பாவம் செய்தது?

இத்தனை காலம் படித்ததில் அவள் கண்டுகொண்டது ஒன்றுதான். எவன் திடீரென்று ரொம்ப நல்லவனாகிறானோ, அவன்தான் கொலைகாரன்.

வீட்டிலும் ஒருவர் திடீரென்று ரொம்ப நல்லவராகியிருந்தார்.

வேலைக்குக் கிளம்புமுன் அவளுடைய ஊசிகளில் எல்லாம் நூல் கோத்து, பஞ்சுப் பந்தில் குத்திவைத்துவிட்டுப் போகிறார். எதற்கு? மனசு உறுத்துகிறது, வேறென்ன. முன்னறையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி புது பல்பு மாட்டினார். எதற்கு? நரைமுடியைத் தேடிப் பிடுங்க. காலையில் எழுந்ததும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிறார், தேன் நக்குகிறார். இத்தனை வருஷம் கரகரத்த குரலை இப்போது யாருக்காக மெருகேற்றுகிறார்?

தலைமாட்டில் கிடக்கும் நாவல்கூட அவளுக்கு ஓடவில்லை. எடுப்பாள், பக்கத்தைப் புரட்டுவாள், வைத்துவிடுவாள். புருஷனையே துப்பறிய வேண்டியிருக்கும்போது கதை எங்கே ஏறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

உள்ளே ஒரு பெண் சிரித்தாள்.

கீச்சென்று, சிணுங்கலாக, வெட்கத்தோடு.

இவ்வளவுதானா? இந்த மனுஷனோடு குப்பை கொட்டியதற்கெல்லாம் முடிவு இதுதானா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அதைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியது. கதவை ஓங்கித் தள்ளினாள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறவர் சொந்த வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ததில்லை. கதவு திறந்துகொண்டது.

உள்ளே யாரும் இல்லை. போனும் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஒரு காதல் நாவல்.

சிரித்தது அவரேதான்.

"பழகிப் பாத்தேன்" என்றார், திருடன் மாதிரி விழித்துக்கொண்டு. "உன் சஸ்பென்ஸ் கதையில பழகினா கொலைகாரன் யாருன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். என் குரலை வச்சே நீ கண்டுபிடிச்சிடுவ. அப்புறம் உனக்குப் படிச்சுக் காட்டுறதுல என்ன சுவாரசியம்? அதான் இதுல பழகுறேன்."

"எனக்கு எதுக்கு நீங்க படிச்சுக் காட்டணும்? கண்ணு தெரியாமலா கெடக்கேன்?"

அவர் திறந்த கதவு வழியாக முன்னறைத் தையல் மிஷின் பக்கம் பார்த்தார். அங்கே பஞ்சுப் பந்தில் ஊசிகள், காலையில் அவர் கோத்துவிட்ட நூலோடு. மேலே அந்த பல்பு, பகலிலும் எரிந்துகொண்டு.

அவளும் பார்த்தாள். சந்தேகம் எல்லாம் இறங்கிப்போய், அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஊசியும் போய்ப் புத்தகமும் போனால் தனக்கென்று என்ன இருக்கிறது? இதை நினைத்துத்தானே கண் டாக்டர் இருக்கும் தெருப்பக்கமே போகாமல் இருந்தாள்?

விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. விறுவிறுவென்று போய்த் தலைமாட்டிலிருந்த நாவலை எடுத்துக்கொண்டு பல்புக்கு நேர்கீழே உட்கார்ந்தாள். படக்கென்று விரித்து, பக்கத்தில் விரலை ஓட்டி, உதட்டை அசைத்தாள்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து நாவலை மெல்ல வாங்கினார். தலைகீழாக இருந்த அதை நேராகத் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தார்.