ஐம்பத்தைந்து இன்ச் கண்ணீர்

“டிவியில இன்னும் சரியா வரல தம்பி.”

இரண்டு மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் இதைச் சொல்லிவிட்டு, பெரியவர் பென்டிரைவை மேசைமேல் வைத்தார். அது சாவிக்கொத்தில் கோத்திருந்ததால் வீட்டுச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்தன.

எடிட்டருக்குக் கோபம் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. இது ஆறாவது தடவை. அந்தக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் இன்னும் பதினொரு ஜோடிகள் ஹார்ட் டிஸ்க்குக்குள் கல்யாணம் முடியாமல் காத்திருந்தார்கள். பெரியவரின் மகளோ கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாமியாருடன் ஒரு சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிட்டாள். வீடியோதான் இன்னும் கரையேறவில்லை.

“அதே இடம்தானா சார்?”

“அதே இடம்தான்.”

மணமக்கள் மோதிரம் மாற்றும் இடம். முதல் வரிசையில் பெரியவர் தலையைக் குனிந்து, வலது கையால் கைக்குட்டையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருப்பார். கல்யாணமான வாரமே எடிட்டர் அந்த நாற்பது நொடியை மட்டும் வெட்டி, நன்றாகச் சுருக்கி, மகளின் ஃபோனுக்கு அனுப்பியிருந்தான். அனுப்பியவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

அவள் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு வைத்திருந்த பெயர் ‘கல்’. ஃபோன் செய்தால் “சாப்பிட்டியா, அம்மாகிட்ட கொடுக்கறேன்” என்று இரண்டே வரியில் பேச்சை முடிக்கிற கல். அந்த நாற்பது நொடியைப் பார்த்த அன்று அவளே கூப்பிட்டு, “எனக்காக அழுதியாப்பா?” என்று கேட்டுக் கால் மணி நேரம் அழுதாளாம். அன்றிலிருந்து தினமும் ஃபோன். இப்போது அம்மாவிடம் கொடுக்கவேண்டியதே இல்லையாம். இதையெல்லாம் பெரியவர் மூன்றாவது தடவை வந்தபோது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஐம்பத்தைந்து இன்ச் டிவி மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டோடு வருகிறார்கள். முழு வீடியோவையும் போட்டு, அந்த இடத்தை எல்லோருக்கும் பெரிதாகக் காட்டவேண்டும் என்பது மகளின் கட்டளை.

“சார், மறுபடி சொல்றேன். ஃபோன்ல படம் உள்ளங்கை அளவு. எதைப் போட்டாலும் பளிச்சுன்னுதான் இருக்கும். கம்ப்யூட்டர்ல பாதி வண்டவாளம் தெரியும். பெரிய டிவியிலதான் மொத்தமும் வெளிய வரும். வீடியோவைச் சுருக்கறது பெட்டியில துணியை அமுக்கி அடைக்கற மாதிரி. அமுக்க அமுக்கக் கசங்கும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்காகத் தளர்த்திக்கிட்டே வரேன்.”

“அந்த ஃபோன்ல அனுப்பினியே, அதை டிவியில போட்டுப் பார்த்தேன். அது நல்லா இருந்துச்சு.”

எடிட்டர் அவரது கண்ணாடியைப் பார்த்தான். அந்தத் துண்டைப் பெரிய டிவியில் போட்டால் மணமகளின் மூக்கே நான்கு சதுரங்களாகத்தான் இருக்கும். கண் டாக்டர் விலாசம் கொடுக்கலாமா என்று யோசித்து, அதற்கும் அலுப்பாக இருந்ததால் விட்டுவிட்டான்.

“அது நாப்பது நொடிதான் சார்.”

“அதே மாதிரி முழுசும் கொடுத்துடேன்.”

“அதைவிட இருபது மடங்கு நல்லதா கொடுத்திருக்கேன்.”

பெரியவர் பெருமூச்சு விட்டார். எடிட்டரும் விட்டான். மின்விசிறி மட்டும் வேலை செய்தது.

கடைசியில் எடிட்டர் எழுந்து, வாடிக்கையாளர்கள் பார்த்துச் சரி சொல்வதற்காக முன்னறையில் மாட்டியிருந்த டிவியில் பென்டிரைவைச் சொருகினான். சாவிக்கொத்து கீழே தொங்கி ஆடியது. அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தினான். மகளின் இமை முடியைக்கூட எண்ணலாம். பெரியவரின் கைக்குட்டையில் தையல் தெரிந்தது.

“எங்க சார் உடையுது? காட்டுங்க.”

“உடையல.”

“கலர் ஏதாவது?”

“கலர் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னதான் சார் தெரியல உங்களுக்கு?”

“தெரியலன்னு நான் எப்ப தம்பி சொன்னேன்?”

பெரியவர் டிவி அருகே போனார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு விரலைத் திரையில் தெரிந்த தன் முகத்தின்மேல் வைக்காமல், கொஞ்சம் கீழே, மடியில் வைத்தார். அங்கே அவரது இடது கைக்குள் ஒரு ஃபோன் இருந்தது. ஃபோனில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பந்து, மூன்று ரன் தேவை என்பதுவரை சம்பந்தி வீட்டார் சோபாவில் சாய்ந்தபடியே படிக்கலாம்.

“ஃபோனுக்கு அனுப்பினதுல இந்த இடம் வெறும் சாம்பல் கட்டமா இருந்துச்சு. நீதான் தளர்த்தித் தளர்த்தி இப்படிக் கொண்டுவந்து விட்டுட்ட.”

எடிட்டர் உள்ளே போய், தரத்தை இருப்பதிலேயே கடைசிப் படிக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு மகளை நினைத்துச் சங்கடமாக இருந்தது.

“அப்போ அந்த அழுகை பொய்யா சார்?”

“சேச்சே, அது நிஜம் தம்பி,” என்றார் பெரியவர், தளர்ந்த குரலில். “ரெண்டு ரன்ல தோத்துட்டோம்.”