வெளியே போம்மா, அதுதான் விதி!

"'விமர்சன நண்பர்'னா யாரு சார்? என் மாமியார் மாதிரியா?"

ஜானின் என்ற பெண் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் எங்கள் ஆரம்பப் பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோர் ஓட்டுப் போட்டு அனுப்பிய புது உறுப்பினர் அவள். பஸ் ஓட்டுகிறவள்.

தலைவர் நட்டல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "பள்ளிக்கூடத்தைத் தட்டிக் கேட்கிற நண்பர். அதாவது நாம. வர்றதுக்கு முன்னால கையேட்டைப் புரட்டிப் பார்க்கக் கூடாதாம்மா?"

"தடியா இருந்துச்சு சார்."

மறுபடி சிரிப்பு. பதினோரு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிற நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கக்கேடு!

அடுத்து, தலைவரின் தீர்மானம்: இலவசக் காலைச் சாப்பாட்டை நாளையிலிருந்தே நிறுத்துவது. நாற்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் காலையில் ஒன்றும் கிடையாது. தலைவருக்கு அதுவா கவலை? ஹாலின் புதுத் தரையில் ரொட்டித்தூள் கொட்டுகிறதாம்! சொல்லும்போதே அவர் சட்டையெல்லாம் பிஸ்கட் தூள்.

"ஓட்டுக்கு விடலாமா?"

கையைத் தூக்கினாள் ஜானின். "சார், என் பையனும் அங்கதான் சாப்பிடுறான். நான் ஓட்டுப் போடலாமா?"

தலைவருக்கு வாயெல்லாம் பல். "கூடவே கூடாது! சொந்த ஆதாயம் இருக்கிறவங்க அறையிலேயே இருக்கக் கூடாது. இதுகூடத் தெரியாதா? வெளியே போம்மா, அதுதான் விதி!"

"மன்னிச்சுக்குங்க சார். எனக்கு என்ன தெரியும்?" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"சரியான தத்தி" என்றார், கதவு மூடும் முன்னே. "சரி, கை தூக்குங்க."

நான் பேனாவை மூடினேன். "முடியாது சார். உறுப்பினர் பன்னிரண்டு பேர்ல ஆறு பேராவது அறையில இருக்கணும். இந்த லங்காஷயர் மழையில வந்ததே ஆறு பேர். இப்ப அஞ்சு. கோரம் இல்ல."

"அவளைக் கூப்பிடு!"

"கூப்பிட்டா விதி மீறல். நீங்கதானே சொன்னீங்க?"

அடுத்த கூட்டம் மார்ச்சில்தான். குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு உண்டு. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள் ஜானின்.

"நல்ல வேளைம்மா, உங்க பையன் சாப்பாடு தப்பிச்சுது" என்றேன்.

"என் பையனா?" என்று சிரித்தாள். "அவன் வீட்டுலயே மூணு முட்டையை முழுங்கிட்டுத்தான் கிளம்புவான்!"