பதினோரு மணி

வெல்டரின் மனைவி பட்டறை ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னதும், பெயிண்டர் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார்.

பஸ்ஸின் ஒரு பக்கத்துக்குத்தான் பச்சை ஏறியிருந்தது.

வெல்டர் போய்ச் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. அவருடைய சாமான்களை வாங்கிப்போக வந்திருக்கிறாள்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் லாக்கரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பெயிண்டர் வேகமாக நடந்தார். உள்ளே சிகரெட் பாக்கெட் கிடக்கும். பாவம், இந்த நேரத்தில் அது அவள் கண்ணில் படக்கூடாது.

நல்ல எண்ணம்தான். ஆனால் பாதி வழியிலேயே அவர் நாக்கில் எச்சில் ஊறியது.

சிகரெட்டை விட்டு இருபத்து நான்கு நாள். தூக்கம் போய்விட்டது, வாய் கசந்து கிடந்தது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார்.

“பொகையை விட்டது சரி. இப்ப எங்க மேல இல்ல பொகையறீங்க” என்று அவர் மனைவிகூடச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முன் பதினாறு வருஷம், காலை பதினோரு மணியானால் அவரும் வெல்டரும் பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நிற்பார்கள். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் இருக்கும் இடத்தில் தீக்குச்சி உரசக்கூடாது. பத்தே நிமிஷம். இவர் பற்றவைத்து அவருக்கு நெருப்புக் கொடுப்பார், அல்லது அவர் இவருக்கு. குடும்பக் கதை, முதலாளி கதை, கால்வலி, எல்லாம் அங்கேதான்.

சிகரெட்டை விடு என்று டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிய மறுநாள், “இன்னையோட விட்டுட்டேன்யா” என்றார் பெயிண்டர். வெல்டர் சிரித்ததோடு சரி.

ஆனால் அடுத்த நாளும் பதினோரு மணிக்கு வந்து பெயிண்ட் ஷெட் வாசலில் நின்றார். பின்பக்கம் போகலாமா என்று தலையை ஆட்டினார். அதற்கடுத்த நாளும் வந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் சும்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

பதினைந்தாம் நாள் பெயிண்டருக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்.

“நானே உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ தெனம் எமன் மாதிரி வந்து கூப்பிடற. நான் நல்லா இருந்தா உனக்கு ஆகாதா?”

வெல்டர் நெற்றியில் ஏற்றியிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் சாயங்காலம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தபடியே வெல்டரின் உயிர் போய்விட்டது. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

லாக்கருக்குப் பூட்டு இல்லை. பெயிண்டர் கதவைத் திறந்தார். ஒரு துண்டு, ஒரு சட்டை, தோல் கையுறை, மகள் சின்ன வயதில் எடுத்த போட்டோ.

சட்டைப் பையில் கையை விட்டார். சூயிங்கம் காகிதங்கள்தான் வந்தன. கை நிறைய வந்தன. எரிச்சலோடு கீழே போட்டுவிட்டு அடுத்த பையைப் பார்த்தார். துண்டை உதறினார். கையுறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். பாக்கெட் வேண்டாம், ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. பார்த்த பையையே மறுபடி பார்த்தார்.

சட்டையை மூக்கில் வைத்துக்கூட இழுத்துப் பார்த்தார். இரும்பு வாசனைதான் வந்தது.

“என்னண்ணே தேடறீங்க?”

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு காலிப் பை.

பெயிண்டர் சட்டையை மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது.

“சிகரெட் கிகரெட் இருந்தா எடுத்துப் போட்டுடலாம்னு பாத்தேம்மா. நீ பாத்தா சங்கடப்படுவியேன்னு.”

“அதெல்லாம் இருக்காதுண்ணே. நீங்க விட்ட அன்னைக்கே அவரும் விட்டுட்டாரே. அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் தொடல.”

அவள் குனிந்து துண்டை எடுத்தாள். அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

“மத்த நேரமெல்லாம் எப்படியோ சமாளிச்சுடறேன், அந்தப் பதினோரு மணிதான் உசுரை எடுக்குதும்பாரு. நல்ல வேளையா பெயிண்டர் இருக்கான், ரெண்டு பேரும் பின்னாடி போயி சும்மா நின்னு பேசிக்கிட்டு இருப்போம், அப்படியே ஓடிடும்னு சொல்லுவாரு. கடைசி நாள் காலைலகூடச் சொல்லிட்டுத்தான் கெளம்பினாரு.”

பெயிண்டர் லாக்கரின் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அவள் போட்டோவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு, இதைக் கேட்பதற்காகவே வந்தவளைப் போல நிமிர்ந்து பார்த்தாள்.

“தெனமும் அப்படி என்னண்ணே பேசுவீங்க?”

வெளியே யாரோ தகரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

“சும்மாதாம்மா” என்றார். “வீட்டு விஷயந்தான்.”