ரொலிவரின் குரல்

"சந்தேகம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ அம்மா. நான் இசைத்தட்டை வெளியில எடுக்கமாட்டன்" என்றார் கிறிஸ்தோபர்.

மாகிரட் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "ஒண்டும் இல்லைத் தம்பி. போடுங்கோ."

1964. கொழும்பில் வானொலியில் வேலை செய்யும் கிறிஸ்தோபர், காலை ரயிலில் வந்திறங்கி நேரே திருகோணமலை உவர்மலையில் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு கையில் கிராமபோன், மறு கையில் மரப்பெட்டி. பெட்டிக்குள் 1929இல் அமெரிக்காவில் பதிவான ஓர் இசைத்தட்டு. அங்குள்ள கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு, பக்கத்துக்கு ஒன்று. பாடியவர் பெயர் 'கப்பல்கார ஜிம்' என்று மட்டும் இருந்தது.

அது ஜேம்ஸ் ரொலிவர் என்ற கப்பல் சமையல்காரராக இருக்கலாம் என்று அமெரிக்க இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் நம்பி, தட்டைக் கிறிஸ்தோபரிடம் அனுப்பியிருந்தார். ரொலிவர் திருகோணமலையில் மாகிரட்டைக் கலியாணம் செய்து, ஆறு வருடங்களுக்கு முன் இங்கேயே இறந்துபோனவர். அந்தச் சேகரிப்பாளர் கொடுத்த பத்திரிகை விளம்பரம் கண்டு அவள்தான் எழுதினாள்: 'அவருடைய குரலை நான் அடையாளம் சொல்வேன்.'

"இந்தத் தட்டு உலகத்தில ரெண்டுதான் இருக்கு. ஊசி வைக்க வைக்கத் தேயும். அதுதான் கேக்கிறன். அவர் வீட்டில என்ன பாட்டுப் பாடுவார்?"

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

"கதைக்கேக்க குரல் கரகரப்போ?"

"நல்ல குரல் எண்டு கப்பல்காரர் சொல்லுவினம்." சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிறிஸ்தோபர் அவளையே பார்த்தார். அவர் கை பெட்டியின் மூடிமேல் இருந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள்.

"அம்மா, நீங்கள் மாறிச் சொன்னா வேற ஒருத்தன்ர பாட்டு உங்கட மனுசன்ர பேரில போயிடும். அந்த அமெரிக்கர் எழுதிற புத்தகத்தில ஏறினாப் பிறகு திருத்த ஏலாது."

"மாதா மேல ஆணை. கேட்டிட்டு உண்மையைத்தான் சொல்லுவன். ஒருக்காப் போடுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டு, கிராமபோனின் சாவியைச் சுற்றினார். ஊசி இறங்கியது.

முதலில் இரைச்சல். பிறகு கிற்றார். அதன் பின்னால் ஆழமான ஓர் ஆண்குரல், அவசரமே இல்லாமல் பாடத் தொடங்கியது.

மூன்று நிமிடமும் மாகிரட் அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

கிறிஸ்தோபர் ஊசியைத் தூக்கிவிட்டு, "அவர்தானோ?" என்று மெல்லக் கேட்டார்.

"கிற்றார் அவற்ற கைதான். எங்கட குசினி அடுப்படியில பதினஞ்சு வருசம் கேட்ட வாசிப்பு. எங்க வந்தும் சத்தியம் பண்ணுவன்."

"குரல்?"

அவள் தலை குனிந்தாள். "குரலைப் பற்றி எழுதினது பொய் தம்பி. இல்லாட்டி நீங்கள் இதை இங்க கொண்டு வந்திருக்கமாட்டீங்கள்."

கிறிஸ்தோபருக்குக் கோபம் வந்தது. "கட்டின மனுசன்ர குரல் தெரியாதோ?"

"நாப்பத்திரண்டில துறைமுகத்தில குண்டு விழுந்து கப்பல் எரியேக்க அவற்ற தொண்டை வெந்து குரலே போச்சு. ஆசுப்பத்திரியில கஞ்சி பருக்கினதே நான்தான். அடுத்த வருசம்தான் கலியாணம் கட்டினனாங்கள். அவற்ற குரலை இண்டைக்குத்தான் முதன்முதலாக் கேக்கிறன்."